ராட்சத முதலைக்கு நிழல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டிவியில் தமிழ் பேசிக்கொண்டு வரும் ராட்சத முதலை, சுறாப் படங்களைப் பற்றி ‘காசில்லாமல் எடுத்தால் இப்படித்தான் இருக்கும்’ என்று உங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காசு குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரவைக்கும் தவறுகளில் பாதி, காசே கேட்காதவை.

முதலை கரையேறும் காட்சியை உற்றுப் பாருங்கள். காலடியில் நிழல் இருக்காது, சேற்றில் தடம் பதியாது. நடிகரின் முகத்தில் வெயில் இடப்பக்கம் அடிக்கும், முதலையின் முதுகோ வலப்பக்கம் மின்னும். ஷாட் முடிந்த கையோடு, முதலை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிற உருண்டையையும் ஒரு எவர்சில்வர் உருண்டையையும் வைத்து ஐந்து விநாடி எடுத்திருந்தால், வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு என்று கிராபிக்ஸ்காரருக்குத் தெரிந்திருக்கும். ‘லைட் போகுது’ என்ற அவசரத்தில் முதலில் விடுபடுவது இதுதான்.

கிராபிக்ஸ் இல்லாமல் முதலையைக் கையால் செய்வதானால் முழு உருவம் வேண்டாம். தலை, ஒரு முன்னங்கால், வால் நுனி போதும். களிமண்ணில் வடித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து, உள்ளே லேடெக்ஸ் என்ற ரப்பர் பால் ஆறேழு பூச்சு. பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் பால் இறுகுகிறது. அச்சே ஈரமாக இருந்தால் இறுகாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இதுதான் தகராறு. மேலே காய்ந்ததுபோல் தெரியும், அடியில் வெள்ளையாகவே கிடக்கும். வெள்ளை மாறி மஞ்சள் தட்டிய பிறகே அடுத்த பூச்சு. உரிக்கும்போது டால்கம் பவுடர் தூவாவிட்டால் தோல் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே முடியாது. எனாமல் பெயிண்ட் அடித்தால் முதலை முதல்முறை வாயைத் திறக்கும்போதே செதில் செதிலாக உதிரும். நிறத்தையும் லேடெக்ஸில் கலந்தே அடிக்க வேண்டும். வாயில் ஒழுகும் எச்சிலுக்கு ஜவ்வரிசிக் கஞ்சியும் கிளிசரினும். சர்க்கரைப் பாகு வைத்தால் அடுத்த டேக்குக்குள் எறும்பு வந்துவிடும்.

சின்ன மாதிரியைப் பெரிதாகக் காட்ட, கேமரா வேகத்தைக் கூட்ட வேண்டும். அப்போதுதான் திரையில் அசைவு மெதுவாகி, கனமான உருவம்போல் தெரியும். நாலில் ஒரு பங்கு அளவென்றால் விநாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 48. பதினாறில் ஒரு பங்கென்றால் 96. தண்ணீர் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. மாதிரி எவ்வளவு சிறிதானாலும் துளி தன் அளவிலேயே தெறித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘இருட்டில் எடுத்து மறைத்துவிடலாம்’ என்பது தியேட்டரில் செல்லும். டிவிக்காகப் படத்தின் டேட்டாவைச் சுருக்கும்போது இருட்டும் புகையும்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். பின்னால் ஒரு விளக்கு வைத்து விளிம்பை மட்டும் காட்டுவது நல்லது.

இன்னொன்று, நடத்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்கு அருகே 1976 முதல் முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். கல் மாதிரி கிடக்கும். வாயைப் பிளந்திருப்பது பெரும்பாலும் உடல் சூட்டைத் தணிக்கத்தான். படத்து முதலையோ கடிப்பதற்கு முன் நின்று கர்ஜித்து, ஆள் ஓட அவகாசமும் கொடுக்கிறது!

கடைசியாக, நம் ஊரில் நடக்கும் டப்பிங். வசனம் நீக்கிய இசை, ஒலி டிராக் முழுமையாக வராத படங்களில், ஆட்கள் பேசும் இடத்திலெல்லாம் தண்ணீர்ச் சலசலப்பும் மிருகத்தின் மூச்சும் சேர்ந்தே அறுந்துபோகும். பேச்சு நின்றதும் ‘டப்’பென்று காடு திரும்பி வரும். மிருகம் பக்கத்தில் இருக்கிறது என்ற பயம் அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. ஒரு தொட்டித் தண்ணீர், ஈரச் சாக்கு, எலும்பு முறியும் சத்தத்துக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் இருந்தால் ஒரே நாளில் அந்த ஓட்டைகளை அடைத்துவிடலாம். மிஞ்சிய காய் சாம்பாருக்கு ஆகும்.

இப்படிக்கு,
மாதிரி உருவம், முகமூடி வேலை செய்யும் சிலர்,
சாலிகிராமம், சென்னை – 93