1964-க்கு முன்பே ஆட்டம் தொடங்கிவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டனில் பாப் இசை சின்னத்திரைக்கு வந்ததே 1964-ல் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ மூலம்தான் என்று அதில் இருந்தது. அதே பிபிசி அதற்கு ஏழு வருஷம் முன்பே இப்படி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, இரண்டு வருஷம்கூட முடியாமல் மூடியும்விட்டது. நேரலை இசை நிகழ்ச்சிகளுக்கு பி.சி.ஆர். எனும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, எந்தக் கேமராவின் காட்சி திரைக்குப் போக வேண்டும் என்று மாற்றியே காலம் தள்ளியவன் நான். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அப்போது பிரிட்டனில் மாலை 6 முதல் 7 வரை தொலைக்காட்சியே கிடையாது. பிள்ளைகளைத் தூங்கவைக்க வசதியாக ஒளிபரப்பை நிறுத்திவிடுவார்கள். விளம்பரத்தை நம்பியிருந்த தனியார் சேனலான ஐடிவிக்கு அந்த ஒரு மணி நேரம் சுத்த நஷ்டம். 1957 பிப்ரவரியில் அந்தத் தடை நீங்கியது. காலியாகக் கிடைத்த நேரத்தில், சனிக்கிழமை 6.05-க்கு பிபிசி வைத்ததுதான் ‘சிக்ஸ்-ஃபைவ் ஸ்பெஷல்’.

அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் ஜாக் குட். ஆடும் இளைஞர்கள் கூட்டத்துக்கு நடுவே பாட்டு, பாட்டு, மறுபடி பாட்டு என்று அவர் நினைத்தார். நிர்வாகமோ இளைஞர்களுக்கு உருப்படியாக ஏதாவது வேண்டும் என்று விளையாட்டு, பொழுதுபோக்குப் பகுதிகளைச் சேர்க்கச் சொன்னது. ஃப்ரெடி மில்ஸ் என்ற குத்துச்சண்டை வீரர்கூட வந்து போனார்! குட் 1958-ல் வெளியேறி, ஐடிவியில் ‘ஓ பாய்!’ தொடங்கினார். அதுவும் சனிக்கிழமை மாலை, நேருக்கு நேர். அந்த டிசம்பரிலேயே பிபிசி தன் கடையை மூடியது.

இந்த ‘ஓ பாய்!’ நிகழ்ச்சியைக் கட்டுரையாளர் எழுதாமல் விட்டிருக்கக் கூடாது. லண்டனின் ஹாக்னி எம்பயர் அரங்கில் நடந்தது. இருட்டு மேடை, பாடுகிறவர் மேல் ஒரு வெளிச்சம், அரை மணிக்குள் பாட்டு மேல் பாட்டு. இப்போதைய போட்டி நிகழ்ச்சிகளில் நடுவர்கள் ஒருவரைப் பாராட்டி முடிப்பதற்குள் அங்கே நாலு பேர் பாடிவிட்டுப் போயிருப்பார்கள். 1958 செப்டம்பரில் முதல் நிகழ்ச்சியிலேயே 17 வயதுப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டை மேடையேற்றினார் குட். அமெரிக்கப் பாடகர் எல்விஸ் மாதிரி தெரியக் கூடாது என்று கிருதாவை எடுக்கச் சொல்லி, கையிலிருந்த கிதாரையும் வாங்கி வைத்துவிட்டார்.

கேமராக்களை ஆட்டுவித்த இயக்குநர் ரீட்டா கில்லெஸ்பி என்ற பெண்மணி. எனக்கு மலைப்பு அவரை நினைத்துத்தான். அந்தக் காலக் கேமராவில் இன்றுபோல ஜூம் இல்லை. முகப்பில் நாலு லென்ஸ் பொருத்திய வட்டு இருக்கும். அதைத் திருப்பினால்தான் குளோஸ்-அப் கிடைக்கும், திருப்பும் நொடியில் அந்தக் கேமராவின் காட்சி ஒளிபரப்பில் இருந்தால் மானம் போச்சு. அதாவது ஒரு கேமரா லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றில் ஷாட் தயாராக இருக்க வேண்டும். அதுவும் டிரம் அடிக்கு அடி ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டிக்கொண்டு, நேரலையில்! எல்லா வசதியும் இருந்த காலத்தில் வேலை பார்த்த எனக்கே தாளம் தப்பாமல் வெட்டுவதற்குள் வியர்த்துவிடும்.

1959 மே மாதத்தோடு ‘ஓ பாய்!’ நிகழ்ச்சியும் முடிந்தது. ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. நேரலை என்பதால் மானிட்டருக்கு எதிரே ஃபிலிம் கேமரா வைத்துப் பதிவு செய்தால்தான் உண்டு. விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அதன் பதிவுகள் இன்று மிச்சம்.

தொடரின் அடுத்த பகுதி வரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் 1964 என்பதை 1957 என்று திருத்தி, குட், கில்லெஸ்பி இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைக்காட்சி ஊழியர்