வெள்ளைத்தாள் போதுமாம்

கும்பகோணம்
12 ஜூலை 2024

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே "டென்ஷன் ஆகாதீங்கப்பா" என்பாய். அதனால்தான் கடிதம்.

போன செப்டம்பரில் நடந்ததை அம்மா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறாள். தெருவில் கேட்டவர்களுக்கு 'சுகர் இறங்கிடுச்சு', உனக்கு 'வேலை அலுப்பு'. 30ஆம் தேதி டாக்ஸ் ஆடிட் கெடு இல்லையா, 26ஆம் தேதி ராத்திரி ஒரு அரிசி மில்லின் 3சிடி என்கிற தணிக்கை அறிக்கைப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஜிஎஸ்டி உள்ளவரிடம் எவ்வளவு செலவு, இல்லாதவரிடம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் 44ஆம் பிரிவு. எண்கள் எதிரே இருந்தன, கூட்ட வரவில்லை. ஒரே வரியை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடம் ஆடிட்டர் வேலை பழகும் ஆர்ட்டிகிள் பையன் வந்து, "சார், காபி வாங்கிட்டு வரட்டுமா?" என்றான். அதற்குப் போய் அழுதேன். அவன் பாவம், கதவைச் சாத்திவிட்டு, வேறு யாரும் உள்ளே வராமல் வெளியே நின்றுகொண்டான். முப்பத்து நான்கு வருஷ பிராக்டீஸில் எனக்கு யாரும் அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை.

அதற்கு முன்பே இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

தஞ்சாவூர் டாக்டர் முதலில் தைராய்டும் பி12ம் பார்த்தார். பிறகு மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், பாதி மாத்திரையில் ஆரம்பித்தார். பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகலாம், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். முதல் வாரம் குமட்டல் மட்டும்தான் தெரிந்தது. சித்தப்பா, மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிப்போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கச் சொன்னார். ஒரு நாள் போய் முகத்தில் தீர்த்தம் அடித்துக்கொண்டு வந்தேன். மாத்திரையையும் விடவில்லை. பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் பால்காரர் கணக்குச் சீட்டு கொடுத்தார். 31 நாளுக்குப் போட்டிருந்தார். காலண்டரில் அம்மா இரண்டு நாள் சுழித்து வைத்திருந்தாள். வாசலில் நின்று கால் மணி நேரம் வாதாடினேன். உள்ளே வந்தால் அம்மா அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். என்னடி என்றால், "மறுபடி சண்டை போடுறீங்களே" என்றாள்.

இப்போது ஆபீஸ் பத்திலிருந்து ஒரு மணி வரைதான். மாத்திரை தொடர்கிறது. நன்றாக இருக்கிறது என்று நானே நிறுத்திவிடக் கூடாதாம். பாதி கிளையன்ட் வேறு இடம் போய்விட்டார்கள். சிலர் சொல்லிவிட்டுப் போனார்கள், சிலர் சொல்லவில்லை. அதை விடு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்தேன். (படிக்காமல் இருப்பேனா.) 14ஆம் பிரிவில், எனக்கு மறுபடி முடியாமல் போனால் யார் எனக்காகக் கூட இருந்து முடிவெடுக்க உதவுவது என்று நானே எழுதி வைக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த தேசத்தில் இப்படியும் ஒரு சட்டம்! உன் பெயரை எழுதியிருக்கிறேன். அம்மா தாங்கமாட்டாள், போன தடவையே அவள் தூங்கவில்லை. நீயும் சம்மதம் என்று எழுதித் தர வேண்டும். யோசித்துச் சொல். எப்போது வேண்டுமானாலும் பெயரை மாற்றிக்கொள்ளும் உரிமையும் எனக்கு உண்டு, நர்ஸ் மாதிரி மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தாயானால் மாற்றிவிடுவேன்.

அப்புறம், உன் பான் கணக்கில் இன்னும் என் மெயில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிட்டாய். ரிட்டர்ன் போட்ட தகவல் எனக்கு வந்தது. அப்பாவைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நீயே போட்டாயாக்கும். வாடகைக்குக் கழிவு தராத புதிய வரி முறையிலேயே விட்டிருக்கிறாய், புனேயில் அவ்வளவு வாடகை கொடுத்துக்கொண்டு! இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா? 31ஆம் தேதிக்குள் திருத்திவிடலாம். ஆபீஸில் தரும் ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று), வாடகை ரசீது இரண்டையும் உடனே அனுப்பு. வாடகை வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரரின் பான் நம்பரும் வேண்டும்.

அப்பா