8 லிட்டர் ஒன்றுதான், எஞ்சின் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

டாட்ஜ் வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது லாரி எஞ்சின்தான் என்று உங்கள் வாகனப் பக்கம் ஒரே வரியில் முடித்துவிட்டது. பாதிதான் சரி. முதலில், அமெரிக்காவில் அவர்கள் ‘டிரக்’ என்பது மணலி சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் வண்டியை அல்ல. நம் குட்டி யானைக்குப் பெரியண்ணன் மாதிரியான, டாட்ஜின் ராம் பிக்கப்பை. அடுத்து, விற்பனைக்கு முந்தி வந்தது கார்தான். வைப்பர் 1992இல் வந்தது, வி10 (வி வடிவில் பத்து சிலிண்டர்) எஞ்சின் வைத்த ராம் 1994இல்.

இரண்டிலும் பத்து சிலிண்டர், 8 லிட்டர். போர் (சிலிண்டரின் விட்டம்) 101.6 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) சுமார் 98.6 மி.மீ.; அதிலும் வித்தியாசமில்லை. ஆனால் ராமுக்கு பிளாக் (எஞ்சின் உடல்), ஹெட் (அதன் மேல்மூடி) எல்லாம் வார்ப்பிரும்பு. வைப்பருக்கு அலுமினியம், சிலிண்டருக்குள்ளே இரும்பு லைனர் (உள்ளுறை). அந்த அலுமினிய வார்ப்பு வேலையில் அப்போது டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லர் கையில் இருந்த லம்போர்கினி உதவியது.

ராம் 300 ஹெச்.பி., வைப்பர் 400 ஹெச்.பி. இதைப் பார்த்ததும் காருக்கு இழுவை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று நினைப்பவர்கள் டார்க்கையும் (சுழற்றும் விசை) பார்க்க வேண்டும். ராமின் உச்ச டார்க் 610 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வாக்கிலேயே கிடைத்துவிடும். வைப்பருக்கு 630, ஆனால் 3,600 வரை ஏற வேண்டும். வித்தியாசம் வெறும் 20. அப்புறம் அந்த 100 ஹெச்.பி. எங்கிருந்து வந்தது? டார்க்கை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட். திருப்பிப் போட்டுப் பார்த்தால், உச்ச ஹெச்.பி. கிடைக்கும் 4,000 ஆர்.பி.எம்.மில் ராமின் டார்க் 534ஆக இறங்கிவிடுகிறது. வைப்பரோ தன் உச்ச ஹெச்.பி. கிடைக்கும் 4,600இலும் 619இல் நிற்கிறது. ராமுக்கு ஆர்.பி.எம். ஏற ஏற மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். கேம் ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு), ஹெட்டின் காற்று வழி, மேனிஃபோல்டு (காற்றுக் குழாய்த் தொகுதி) மூன்றையும் மாற்றியதன் பலன் இது. வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் போட்டால் அதிக ஆர்.பி.எம்.மில் காற்று நன்றாக நிரம்பும். குறைந்த ஆர்.பி.எம்.மில், லோடு ஏற்றி நகர்த்தும் இடத்தில், நிரம்பிய காற்றே பின்னால் தள்ளப்படும். இரண்டையும் ஒரே கேமில் பிடிப்பது கடினம்.



வெளியூர்க் காரைப் பற்றி வடசென்னையில் இவ்வளவு பேசக் காரணம் உண்டு. துறைமுகத்துக்கு வரும் 55 டன் டிரெய்லர்கள் சிலவற்றில் இருக்கும் 6.7 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினுக்கு 300 ஹெச்.பி., 1,100 நியூட்டன் மீட்டர்தான் கொடுத்திருக்கிறார்கள். அதே குடும்ப எஞ்சின் 2019 ராம் பிக்கப்பில் 400 ஹெச்.பி., 1,356 நியூட்டன் மீட்டர். இதைக் காட்டித்தான் ‘மேப் (எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்) போட்டால் நம்ம வண்டியும் 400 அடிக்கும்’ என்று ஒயரில் செருகும் எலக்ட்ரானிக் பெட்டி விற்கிறார்கள். பிக்கப் ஏதோ சில நிமிடம் முழு மூச்சில் ஓடும். டிரெய்லர் மணிக்கணக்கில் அப்படி ஓட வேண்டும். குறைத்து வைத்தது கஞ்சத்தனம் அல்ல.

அந்தப் பெட்டி செய்வது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசல் குழாயின் அழுத்தம்) சிக்னலை ஏமாற்றி டீசலைக் கூட்டுவது. காற்று அதே அளவு. எனவே எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது, பிஸ்டன் தலையில் உள்ள கிண்ணத்தின் விளிம்பில் விரிசல் விழுகிறது, டர்போ தாங்காது. பி.எஸ்.6 (புகை விதி) வண்டியில் கரி சேர்ந்து டி.பி.எஃப். (புகைக்கரி வடிகட்டி) அடைத்துக்கொள்ளும். அந்தக் கரியை எரிக்கும் ரீஜென் மீண்டும் மீண்டும் ஓடும்போது சில எஞ்சின்களில் டீசல் போய் எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் குறைவதற்குப் பதில் கூடும்; மகிழ வேண்டாம், பேரிங் போகப்போகிறது.

காசிமேட்டில் இதன் மறுபக்கம். மீன்பிடி லாஞ்சில் ஏற்றிய லேலண்ட் எஞ்சினுக்கு, அதே எஞ்சின் பஸ்ஸில் ஓடும்போது இருந்த டீசல் பம்ப் செட்டிங்கை அப்படியே விடக் கூடாது. புரொப்பெல்லர் கேட்கும் சக்தி ஆர்.பி.எம்.மின் கன விகிதத்தில் ஏறும்: 10 சதவீதம் கூட்டினால் 1.1 × 1.1 × 1.1, அதாவது 33 சதவீதம் அதிக சக்தி. கடலில் இறக்கம் கிடையாது, எஞ்சினுக்கு ஓய்வும் கிடையாது. பிட்ச் (ஒரு சுற்றுக்குத் தண்ணீரில் முன்னேறும் தூரம்) அதிகமான புரொப்பெல்லர் போட்டுவிட்டால் முழு ஆக்சிலரேட்டரிலும் ஆர்.பி.எம். ஏறாது, கறுப்புப் புகைதான் வரும்.

பழைய டிரெய்லர் வாங்குபவர்கள் டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) எடுத்து அளவையும் டீசல் வாடையையும் பாருங்கள். ரெயில் சென்சாரின் ஒயரில் இடைச்செருகல் சாக்கெட் அல்லது டேப் சுற்றிய தடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லோடோடு மூலக்கடை மேம்பாலத்தில் ஒரு கியர் கூடுதலாகப் போட்டு ஏற்றுங்கள். வேகம் கூடாமல் ஆர்.பி.எம். மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. விலை பேசும் முன் அதையும் கணக்கில் வையுங்கள்.

வாசகர்,
திருவொற்றியூர், சென்னை - 19