பழைய விற்பனைக் கணக்கு மென்பொருளை நிறுத்துவது குறித்து எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

2011ஆம் ஆண்டு வெள்ளம் வடிந்த கையோடு மட்டக்களப்பு நகரில் ஒரு மாடி அறையில் நாம் எழுதத் தொடங்கிய விற்பனைக் கணக்கு மென்பொருளை, ஏறாவூர் முதல் அக்கரைப்பற்று வரை உங்கள் கடைகளிலும் நெல் ஆலைகளிலும் இன்றும் பயன்படுத்தி வருகிறீர்கள். அதன் பழைய பதிப்புக்கான எமது பராமரிப்பு எதிர்வரும் யூலை 31ஆம் திகதியுடன் முடிவடைகிறது. அதற்கு முன்னர் நாமே நேரில் வந்து புதிய பதிப்பை ஏற்றித் தருவோம்.

இதை முதலில் எம் வாயால் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பிந்தியது எமது தவறுதான். ஆனால் அதற்குள், நன்றாக ஓடியதை வேண்டுமென்றே முடக்கிவிட்டுக் காசு பிடுங்கப் பார்க்கிறோம் என்ற கதை கடைக்குக் கடை பரவியிருப்பது எம்மை மிகவும் நோகச் செய்தது. எமது மென்பொருள் பைத்தன் என்னும் நிரல்மொழியின் 2.7 பதிப்பில் எழுதப்பட்டது. அதை நிறுத்தியவர்கள் நாம் அல்லர், அம்மொழியைப் பேணுபவர்களே. 2015இல் நிறுத்துவதாக இருந்ததை ஐந்து ஆண்டுகள் ஒத்திவைத்து, 2020 சனவரி 1ஆம் திகதியுடன் ஆதரவை முடித்து, அவ்வாண்டு ஏப்ரலில் 2.7.18 என்ற கடைசி வெளியீட்டையும் தந்துவிட்டு அவர்கள் விலகிக்கொண்டார்கள். இனி அதில் ஓட்டை தெரிந்தாலும் அவர்கள் அடைக்கப்போவதில்லை. அன்றிலிருந்து ஒட்டுப்போட்டு ஓட்டி வந்தோமே தவிர, எவருடைய கணக்கையும் நாம் முடக்கவில்லை. புதிய பதிப்புக்கு ஒரு ரூபாவும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. நாம் இப்போது மாறும் பைத்தன் 3 என்னும் அம்மொழியின் அடுத்த பதிப்பு 2008இலேயே வந்துவிட்டதே என்று விபரம் தெரிந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அக்காலத்தில் எமக்குத் தேவைப்பட்ட துணை நிரல்கள் பழையதில்தான் ஒழுங்காக இயங்கின.

பற்றுச்சீட்டில் ஊர்ப்பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, கடைசியில் ஒரு கேள்விக்குறி விழுவதைப் பலர் முறையிட்டிருக்கிறீர்கள். களுவாஞ்சிகுடி என்பது நமக்கு ஏழு எழுத்து. பழைய பதிப்போ எழுத்தை எண்ணாமல், அதைச் சேமிக்கக் கணினி எடுக்கும் பைட்டு என்னும் சிறு அலகுகளை எண்ணி 39 என்று கொள்கிறது. 32 என்று நாம் வைத்த எல்லையில் அது வெட்டும்போது "களுவாஞ்சிக" என்பதோடு பெயர் அறுந்துவிடும். புதியதில் இந்தத் தொல்லை தீரும்.

ஒட்டுப்போடும் வேலையை நன்கறிந்த எமது தம்பி ஒருவர் வெளிநாடு போய்விட்டார். இப்போதுள்ள இரு பிள்ளைகளும் பைத்தன் 3 மட்டுமே படித்தவர்கள். வேலை இழுபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய பதிப்பில் 1,575ஐ இரண்டால் வகுத்தால் 787 என்றுதான் விடை வரும், புதியதில் 787.5 வரும். அந்த ஐம்பது சதம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று கழிவு, கூலி, மூட்டைக் கணக்கு எல்லாவற்றையும் வரிவரியாகப் பார்த்து வருகிறோம்.

2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் தடைப்பட்ட நாட்களில், கையால் பில் எழுதிவிட்டு இரவில் அவற்றைத் திரும்பப் பதிந்து, எம்மீது ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாதிருந்தவர்கள் நீங்கள். அந்தப் பொறுமைக்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம்.

விண்டோஸ் 7 உள்ள கணினிகளில் மட்டும் புதிய பதிப்பு இயங்காது.

சிறுபோக அறுவடை தொடங்குமுன் ஆலைகளை முடித்துவிட எண்ணியுள்ளதால், ஆலைக்காரர்கள் முதலில் நாள் குறித்துத் தரவும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும் சந்தை நாட்களிலும் வரமாட்டோம். வருவதற்கு முதல்நாள் இரவு, கணக்கு முழுவதையும் ஒரு பென்டிரைவில் பிரதியெடுத்து உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.

இங்ஙனம்,
உரிமையாளர்
மட்டக்களப்பு