மினிட்டாங்காவில் மஸ்கிக் குஞ்சு விடுகிறோம், கை கொடுங்கள்

தூண்டில் போடும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம். மஸ்கி என்னும் பெரிய வேட்டை மீனின் குஞ்சுகளை வாங்கி மினசோட்டாவின் மினிட்டாங்கா ஏரியில் விட நம் குழு பணம் சேர்க்கிறது.

போன அக்டோபரில் நம் தம்பி ஒருவருக்கு மினிட்டாங்கா ஏரியில் மஸ்கி மாட்டியது. படகோரத்தில் வலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, நீளக் குறடால் கொக்கியைக் கழற்றிவிட்டு, இது மஸ்கியா, இல்லை பார்க்க அதேபோல் இருக்கும் அதன் உறவு மீனான பைக்கா என்று தாடைக்கு அடியில் இருக்கும் துளைகளை எண்ணினோம். பைக்குக்கு ஒரு பக்கம் ஐந்துக்கு மேல் இருக்காது, இதற்கு எட்டு. நீளம் 46 அங்குலம். மினசோட்டா சட்டப்படி 54 அங்குலத்துக்குக் குறைந்தால் வைத்துக்கொள்ள முடியாது, முடிந்தாலும் நம்மில் யாரும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. வாலைப் பிடித்து நிமிர்த்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம், ஒரே உதறலில் போய்விட்டது.

விஷயம் என்னவென்றால், அந்த மீன் அந்த ஏரியில் பிறந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. மினிட்டாங்கா மஸ்கியின் சொந்த ஊர் இல்லை. 1970-களில் தொடங்கி குஞ்சு விட்டு விட்டுத்தான் அங்கே இனம் நிற்கிறது. நம்மூர் விரால் குஞ்சுகளைக் கூடவே வைத்துக் காவல் காக்கும். மஸ்கி ஆழமில்லாத இடத்தில் முட்டையைத் தூவிவிட்டுப் போயே போய்விடும். பைக் முன்னாலேயே முட்டையிட்டுவிடுவதால் மஸ்கி பொரிந்து வரும்போது பைக் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஆக, நாம் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்ட மீனெல்லாம் அநேகமாக யாரோ காசு போட்டு விட்டதுதான், இதுவரை அந்த யாரோவில் நாம் இல்லை.

லைசென்ஸ் காசுதான் கட்டுகிறோமே என்பீர்கள். சரிதான், மாநில மீன்வளத் துறை அதில்தான் குஞ்சு வளர்க்கிறது. ஆனால் வளர்ப்புக் குளத்தில் ஒரு வருஷம் பிழைக்கிற அளவுக்கு மறு வருஷம் பிழைப்பதில்லை. அதனால் துறையின் அனுமதியோடு தனியார் பண்ணையில் குஞ்சு வாங்கி விட எங்களைப் போன்ற குழுக்களும் சேர்ந்துகொள்கின்றன. எந்த வம்சம் என்பதும் முக்கியம். ஒரு காலத்தில் ஷூபேக் ஏரி வம்சத்தை மாநிலமெங்கும் விட்டார்கள், அது பெரிதாக வளராத ரகம். 1980-களில் லீச் ஏரி வம்சத்துக்கு மாறிய பிறகுதான் பெரிய மீன்கள் வந்தன. நாங்கள் கேட்டிருப்பதும் லீச் ஏரி வம்சம்தான்.

மஸ்கி வந்தால், சாப்பாட்டுக்காகப் பலரும் பிடிக்கிற வாலாய் மீன் எல்லாம் காலி என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு. மஸ்கி விட்ட 41 மினசோட்டா ஏரிகளை எடுத்துப் பார்த்த ஆய்வில் மற்ற மீன்கள் பொதுவாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே வாலாய் பிடிக்கிற அண்ணன்மாரும் தயங்காமல் தரலாம்!

இலையுதிர் காலத்தில் விடுகிற குஞ்சு ஒரு சாணுக்கு மேல் நீளம் இருக்கும். விலை கூடுதல்தான், ஆனால் சின்னக் குஞ்சு விட்டால் பாதி வழியிலேயே மற்ற மீனுக்குத் தீனி. 20 டாலர் தந்தாலும் சந்தோஷம், அதற்கு மேல் உங்கள் மனசு. வந்த பணம், பண்ணை பில், அனுமதிக் கடிதம் மூன்றையும் குழு வாட்ஸ்அப்பில் போடுவோம். அனுமதி கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும்.

ஆகஸ்ட் கடைசிக்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள். அப்புறம், குஞ்சு விடும் நாளில் வாளி தூக்க ஆள் வேண்டும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், முழங்கால் பூட்ஸ் கட்டாயம்.