நீர்க்காகத்தை விரட்டும் முன் குளத்து மீன்களைப் பார்ப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைக்குக் கிழக்கே, நொய்யல் வாய்க்கால் தண்ணீரில் நிரம்பும் குளம் ஒன்றின் கரையில் அமைந்த குடியிருப்பில் 14 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில், குளத்து மீனையெல்லாம் தின்று தீர்க்கும் நீர்க்காகங்களை வெடி போட்டு விரட்ட வேண்டும் என்றும், மாடித் தோட்டங்களைக் கிளறிப் போடும் மயில்களைப் பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிட வேண்டும் என்றும், கரையோரப் புதர்களை அடியோடு அழித்துப் பாம்புத் தொல்லையை ஒழிக்க வேண்டும் என்றும் மூன்று தீர்மானங்கள் முன்வைக்கப்பட்டன. ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினார்கள். என்னால் தூக்க முடியவில்லை. காரணத்தை அன்றைக்கு முழுமையாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நொய்யலை நம்பியுள்ள மற்றக் குளங்களின் கரையில் குடியிருப்போருக்கும் இது பொருந்தும் என்பதால் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற சித்திரையில் இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்து, மாலையில் ஒரு கோடை மழையும் பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில், நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் மதகருகே நூற்றுக்கணக்கான மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதப்பதைக் கண்டார்கள். உயிர் இருந்தவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவியது. போலீசில் புகார் கொடுப்பது வரை பேச்சு போயிற்று. குளத்தின் மீன்பிடிப்பைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் வலை இழுக்கும் பெரியவர் ஒருவர் கரையில் குந்தி, செத்த கட்லா ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “விசமெல்லாம் இல்லீங்க, ராத்திரி முச்சூடும் மூச்சு முட்டியிருக்குதுங்க” என்றார். அவர் சொன்னதுதான் சரி. சாக்கடை கலந்த நீரில் பாசி பச்சைக் குழம்பாகப் பெருகுகிறது. பகலில் வெயில் இருக்கும் வரை அந்தப் பாசியே நீருக்குள் ஆக்சிஜனை விடுகிறது. இரவானால் அதுவும் மீனோடு போட்டி போட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். இரண்டு நாள் வெயிலே இல்லாமல், தெருவின் அழுக்கையும் மழைநீர் அடித்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டால், கட்லாவும் ரோகுவும் தாங்குவதில்லை. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் அளவுக்காவது ஆக்சிஜன் கரைந்திருந்தால்தான் அவை நன்றாக இருக்கும்.

அன்று நான் கவனித்த இன்னொன்று இந்தக் கடிதத்துக்கே காரணம். மிதந்தவை கட்லா, ரோகு, கெண்டை, சிறு ஜிலேபி மீன்கள். அவற்றில் ஒரு கெளுத்திகூட இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து அதே பெரியவரின் வலையில் என் கையளவு நீளத்தில், கருத்த மேனியும் தட்டையான தலையும் நீண்ட மீசையுமாக ஆப்பிரிக்கக் கெளுத்திகள் கிடந்தன. கரையில் போட்டு நெடுநேரமாகியும் அவை நெளிந்துகொண்டிருந்தன. காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய மீன் அது. சாக்கடையிலும் வாழும், பிற மீன்களின் குஞ்சுகளை விழுங்கியே வளரும். இதை வளர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை விதித்துவிட்டது. இருந்தும் கோழிக்கழிவைப் போட்டாலே சீக்கிரம் எடை ஏறும் என்பதால் கள்ளத்தனமாக விடப்படுகிறது. ஒவ்வொரு முறை மீன்கள் மொத்தமாகச் சாகும்போதும் நாம் வேண்டிய மீன் போய், வேண்டாத இந்த மீனுக்கு இடம் விசாலமாகிறது. குளத்து மீன் குறைவதற்கு நீர்க்காகத்தைக் குற்றம் சொல்லுகிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தோடு இன்னொரு மீனும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ என்ற பெயரில் வாங்கப்படும் மீன், தொட்டி கொள்ளாமல் வளர்ந்ததும் குளத்துக்கு வந்து சேருகிறது. உயிரைக் கொல்லக் கூடாது என்ற நல்லெண்ணத்தோடுதான் எங்கள் குடியிருப்பிலேயே சிலர் கொண்டுவந்து விட்டார்கள். அதன் முரட்டுச் செதில் வலையைக் கிழிக்கிறது, சந்தையில் விலை போவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் அது கரையைக் குடைந்து வளை தோண்டும். நம் குளங்களுக்கு இருப்பவை மண்கரைகள் என்பதை நினைத்தால் எனக்கு மீனைவிடக் கரையைப் பற்றிய கவலையே அதிகமாகிறது.

1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி இன்று எல்லாக் குளங்களிலும் இருக்கிறது. இனி அதை ஒழிக்க முடியாது. தாய் மீன் முட்டைகளை வாயிலேயே அடைகாத்து ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிப்பதால், குளம் முழுக்க விரல் நீளச் சிறுமீன்களாக நெருக்கியடித்து எதுவும் வளராமல் போகிறது. நீர்க்காகமும் கொக்கும் கூழைக்கடாவும் எங்கள் குளத்தில் பெரும்பாலும் அந்தச் சிறுமீன்களைத்தான் அள்ளுகின்றன என்பதை எவரும் காலை 7 மணிக்குக் கரையில் நின்று பார்க்கலாம். அவை குத்தகைக்கு நஷ்டமே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் குஞ்சு விட்ட வாரங்களில் நிச்சயம் செய்யும். அந்த நாட்களில் குஞ்சு விட்ட மூலையில் மட்டும் கயிறு கட்டிக் காவல் வைப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை. வெடி மட்டும் வேண்டாம். ஈரோடு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. அதே கொங்கு மண்ணில் வாழும் நாம் வெடிக்கட்டோடு குளக்கரைக்குப் போவது எனக்குப் பெரும் வருத்தமாக இருக்கிறது.

மயில் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை அது. சங்கமோ தனிநபரோ பிடித்தால் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பிரச்சினை உண்மையானதுதான். தக்காளி நாற்றைக் கிளறிப் போடுகிறது, கார்க் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு கொத்துகிறது. ஆனால் இரண்டாம் தெருவில் தினமும் காலை அரிசியும் கம்பும் இறைப்பதை நிறுத்தாமல் மயில் வருகிறதே என்று புலம்புவதில் பயனில்லை. நாற்றுக்கு மேல் ஒரு பழைய வலையைக் கட்டினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். பாம்புக்கும் இதே நியாயம்தான். கரையில் கொட்டப்படும் கோழிக்கழிவுக்கும் ஓட்டல் மிச்சத்துக்கும் எலி வருகிறது, எலிக்குச் சாரையும் கண்ணாடி விரியனும் வருகின்றன, நாய்க் கூட்டமும் வருகிறது. புதரை மட்டும் அழித்துவிட்டுக் குப்பையை விட்டுவைத்தால், ஒதுங்க இடமில்லாத பாம்பு நம் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில்தான் வந்து படுக்கும். சென்ற ஐப்பசியில் எங்கள் அடுத்த வீட்டில் அதுவே நடந்தது.

குத்தகைதாரர்மீது பழி போடுவது என் நோக்கமன்று. ஏலத் தொகையைக் கட்டிவிட்டு, சாக்கடை கலக்கும் நீரில் அவர் பிழைக்க வேண்டியிருக்கிறது. குளத்தை நிர்வகிக்கும் துறையிடம் நான் கேட்பது, வரும் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக்கான (வருவாய்க் கணக்கு ஆண்டுக்கான) குத்தகை நிபந்தனைகளில் சில வரிகளைச் சேர்க்க வேண்டும் என்பதே. பவானிசாகர், ஆழியாறு அரசு மீன்பண்ணைகளிலிருந்தோ மீன்வளத்துறை ஒப்புதல் பெற்ற பண்ணைகளிலிருந்தோ மட்டுமே குஞ்சு வாங்க வேண்டும். எந்த மீன், எத்தனை, எந்தத் தேதியில் விடப்பட்டது என்பதை மதகருகே பலகையில் எழுதிவைக்க வேண்டும். கோழிக்கழிவை இரையாகப் போடக் கூடாது. வலையில் சிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் டேங்க் கிளீனரையும் திரும்ப நீரில் விடக் கூடாது. குடியிருப்போர் தரப்பில் எங்கள் கழிவுநீர் எந்த வழியாகக் குளத்துக்குப் போகிறது என்பதை நாங்களே முதலில் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். எங்கள் வடக்குத் தெருவின் குழாய் ஒன்று நேராக வாய்க்காலில்தான் திறக்கிறது. அதை அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு சங்கத்துக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
குளக்கரைக் குடியிருப்புவாசி ஒருவர்,
கோயம்புத்தூர்.