காய்ச்சல் விட்ட பிறகு கண்ணையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிக்குன்குனியா பற்றிப் பத்திரிகைகளில் வரும்போதெல்லாம் கொசு, காய்ச்சல், மூட்டுவலி என்பதோடு முடிந்துவிடுகிறது. கண்ணைப் பற்றியும் எழுதச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

2006-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மொரீஷியஸ் முழுக்க அந்தக் காய்ச்சல். பக்கத்துத் தீவான ரியூனியனில் மூன்றில் ஒருவருக்கு வந்தது. காவடி முடிந்து இரண்டு வாரத்தில் நானும் படுத்தேன். ஐந்து நாளில் காய்ச்சல் விட்டது. விரல் வீக்கம் மட்டும் போகவில்லை, சாக்பீஸ் பிடிக்க முடியாது.

ஏப்ரலில், வருஷப் பிறப்புக்கு முந்தின வாரம், பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வலது கண்ணில் ஏதோ உறுத்த, கையால் மூடித் தேய்த்தேன். அப்போது பார்த்தால் நோட்டிலிருந்த கோடுகள் நடுவில் வளைந்திருந்தன. ‘பழம்’ என்ற சொல்லில் ப இருக்கிறது, ம் இருக்கிறது, ழ இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு புகை. இடது கண்ணில் வலியுமில்லை, சிவப்புமில்லை. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடுகிறது.

முதலில் பார்த்த டாக்டர் சர்க்கரையாக இருக்கும் என்று சொல்லிக் கண்ணாடியை மாற்றச் சொன்னார். சர்க்கரை இல்லாத வீடு இங்கே குறைவு, நானும் நம்பிவிட்டேன். காய்ச்சல் வந்ததை அவர் கேட்கவில்லை, அது முடிந்துபோன விஷயம் என்று நானும் சொல்லவில்லை. மூன்று வாரம் போனது.

இரண்டாவது டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்ததும் உள்ளே பார்த்துவிட்டு, “சமீபத்தில் காய்ச்சல் வந்ததா?” என்று கேட்டார். விழித்திரையில் அழற்சி. நடுப்பகுதியை ஒட்டி ஒரு வெள்ளைத் திட்டு, கொஞ்சம் ரத்தக்கசிவு. இந்த வைரஸை ஒழிக்கத் தனி மருந்து கிடையாது. அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்குப் பார்வை மாதக்கணக்கில் மெல்லத் திரும்பியது. அந்தப் புகை முழுக்கப் போகவில்லை. மூன்று வாரம் முன்னால் போயிருந்தால் போயிருக்குமோ என்று மனம் இன்னும் கேட்கிறது.

அதே 2006-இல் தென்னிந்தியாவிலும் காய்ச்சல் பரவியது. அங்கும் நோயாளிகளின் கண்ணில் இதையெல்லாம் பார்த்து மருத்துவர்கள் எழுதினார்கள். கண் சிவந்து வெளிச்சம் கூசலாம், அது கண்ணின் முன்பகுதி அழற்சி. பார்வை நரம்பு வீங்கினால் நிறங்கள் மங்கும். காய்ச்சலோடும் வரும், சில வாரம் கழித்தும் வரும். டெங்குவிலும் விழித்திரை பாதிக்கப்படுவது உண்டு.

2025-இல் இந்தக் காய்ச்சல் எங்கள் பக்கம் திரும்ப வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் காய்ச்சல் விட்டு ஒரு மாதம், கண் மங்குகிறது, செல்போன் பார்த்த களைப்பு என்றான். ஒரு கோடு போட்ட நோட்டைக் கையில் கொடுத்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். அன்று மாலையே அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய், முதல் வார்த்தையாகக் காய்ச்சலைச் சொன்னோம்.

மோக்காவில் கண் மருத்துவமனைக்கே பாரதியார் பெயரை வைத்த தீவு இது. அடுத்த முறை சிக்குன்குனியா பற்றி எழுதும்போது, மூட்டுவலிக்குப் பக்கத்தில் கண்ணுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்